வெள்ளை நம்பர்

தாஹிர் முதலில் வெண்கட்டி கேட்டான். ஆதம்பாவா நானாவின் பழைய இரும்பு முற்றத்தில் இரண்டு கார் லிப்டுகள் விலைக்கு நின்றன. ஒன்று எண்ணெயில் ஏறுவது, சில்லுப் பூட்டியது, சிவப்புப் பெயின்ற் அடித்தது. பத்துத் தரம் பம்ப் பண்ணினால் காரை இடுப்புயரத்துக்குத் தூக்கிவிடும். மற்றதற்கு நாலு இரும்புத் தூண்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் என் கைமொத்தத்தில் ஒரு திருகுக் கம்பி. ஒரு கைபிடியைச் சுற்றினால் சங்கிலி நாலு திருகையும் சேர்த்துச் சுழற்றும். சுற்றுகிறவனுக்குத் தோள் கழன்றுவிடும்.

இரண்டிலும் ஒவ்வொரு பழைய காரை ஏற்றி, உள்ளே தண்டவாளத் துண்டுகளை அடுக்கச் சொன்னான் தாஹிர். பிறகு ஊன்றுகோலை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போய், கார்கள் நின்ற உயரத்துக்கு நேரே பின்சுவரில் வெண்கட்டியால் கோடு போட்டான்.

"இப்ப பள்ளிக்குப் போறன். ளுஹர் தொழுதிட்டு வந்து பாப்பம். ஒருத்தரும் கை வைக்கப்படாது."

அவன் திரும்பி வந்தபோது சிவப்பு லிப்ட் கோட்டிலிருந்து இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. திருகு லிப்ட் ஒரு நூல்கூட அசையவில்லை.

"பாத்தியா மச்சான்? இந்தச் சிவப்பு நம்மட ஆதம்பாவா நானா மாதிரி. வெளியால மினுக்கம், உள்ளால ஒழுக்கு."

"ஓமடா, கால் போனாலும் உனக்கு வாய் போகேல்ல," என்றார் நானா.

எல்லாரும் சிரித்தோம்.

தாஹிரும் நானும் துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை சுமந்தவர்கள். வெள்ளைக்கார நேவி இருந்த காலத்தில் அங்கே ஒரு வழக்கம். கொக்கி, சங்கிலி, ஜாக் எதுவானாலும் பாரம் ஏற்றிப் பார்த்து, எத்தனை தொன் தாங்கும் என்று வெள்ளைப் பெயின்றில் ஒரு நம்பர் எழுதுவார்கள். பழுதாய்ப் போனால் நம்பரைச் சுரண்டி அழித்துவிடுவார்கள். எங்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் நம்பர் இல்லாத பாரத்துக்குக் கீழே ஒருத்தனும் தலையை நீட்டமாட்டான். நேவிக்காரர் போய்ப் பதினாறு வருசமாகியும் எங்களை அந்தப் பழக்கம் விடவில்லை.

பாலையூற்றில் என் வீட்டுப் பக்கத்திலேயே கிடுகுக் கொட்டில் போட்டுக் கராஜ் தொடங்கினேன். காருக்குக் கீழே போகிற வேலை தாஹிருக்கு. புதுக் கார் இறக்குமதி நின்றுபோன காலம். கிழட்டுக் கார்கள் எல்லாம் எங்களிடம் வந்தன. வேலை குவிந்தது, நல்ல ஜாக் இல்லை. ஏலத்தில் எடுத்த நேவி ஜாக் ஒன்று கிடந்தது. அதில் நம்பர் சுரண்டியிருந்தது. அதைப் பார்த்தால் தாஹிர் காருக்குக் கீழே போகமாட்டான். அவன் வரமுன், ஒரு விடியற்காலை, பெயின்ற் எடுத்து 3 என்று எழுதினேன். புதிது என்று தெரியாமலிருக்கப் புழுதியையும் பூசினேன்.

நாலு மாதம் தாங்கியது. ஐந்தாம் மாதம் ஒரு மொரிஸ் கார் தாஹிரின் இடது காலில் இறங்கியது.

அன்று பொழுதுபடுமுன் அந்த ஜாக்கை மலக்குழிக்குள் போட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த தாஹிர் வந்தவர்களிடமெல்லாம் சொன்னான்: "ஜாக்கில பிழை இல்ல. நம்பரை நான் கண்ணால பாத்தனான். காருக்கு முட்டுக் கட்டை வைக்காமப் போன என்ர பிழைதான்." கிண்ணியாவில் அவன் வீட்டுக்கு மீனும் அரிசியும் கொண்டு போனேன். அவன் மனைவி றம்லா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். "கட்டை வைக்காமப் போன இந்த மனிசனுக்கு அறிவிருக்கா, சொல்லுங்க அண்ணே? நீங்க எத்தின தரம் சொல்லியிருப்பீங்க!" என்றாள். தாஹிர் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். சீனி சரியா என்று கேட்டாள். சரி என்றேன்.

லிப்ட் வாங்குவது என்று முடிவெடுத்ததும் அவனைத்தான் கூப்பிட்டேன். அவனைவிட நன்றாக இரும்பைப் பார்க்கத் தெரிந்தவன் இல்லை என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் அதற்காக மட்டும் கூப்பிடவில்லை.

திருகு லிப்டையே எடுத்தோம். தூண்களை மூன்றடி ஆழத்தில் சீமெந்தில் நாட்டி, மூன்று கிழமை தண்ணீர் ஊற்றினேன். முதற் கார் ஏறுகிற நாள் தாஹிர் கழுவின சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். கைபிடியைத் தானே சுற்றினான். கார் அவன் வயிற்றளவுக்கு ஏறியதும் நிறுத்தி, தூணில் வெண்கட்டிக் கோடு போட்டான். பிறகு வெள்ளைப் பெயின்ற் பேணியை என்னிடம் நீட்டினான்.

"நாம பாரம் வச்சுப் பாத்தாச்சு. ரெண்டு எண்டு எழுது மச்சான். எழுதினாத்தான் நான் கீழ போவன். நம்பரை நம்பினவன் நான்."

தூரிகையைத் தோய்த்தேன். தூணுக்குக் கிட்டக் கொண்டு போனேன். பெயின்ற் என் கால் விரலில் சொட்டியது.

"என்ன, யோசிக்கிறாய்? கலியாண எழுத்தா எழுதப் போறாய்?"

"முதல்ல நான் கீழ போறன்," என்றேன்.

"உனக்கென்ன விசர்? அது என்ர வேலை."

தூரிகையைப் பேணிக்குள் போட்டுவிட்டுச் சாக்கை விரித்துப் படுத்து, காருக்குக் கீழே நகர்ந்தேன். மேலே எஞ்சின், மண், கறள் பிடித்த இரும்பு. பக்கத்தில் பார்த்தால் தாஹிரின் கால்கள் மட்டும் தெரிந்தன. வலது கால் நேராக நின்றது. இடது கால் வெளிப்பக்கம் திரும்பி, பெருவிரல் மட்டும் நிலத்தில் பட்டது.

அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "தாஹிர், அந்த ஜாக்கில நம்பரை எழுதினது நான். அது சுரண்டின ஜாக். தெரிஞ்சுதான் எழுதினனான்."

கால்கள் அசையவில்லை. வெளியே சீலா, என் மனைவி, கிணற்றில் வாளி விடுகிற சத்தம் கேட்டது. வாளி தண்ணீரில் பட்டது. மேலே வந்தது.

"கட்டை வைக்காததால இல்ல," என்றேன். "உன்ர பிழை இல்ல."

ஊன்றுகோல் நிலத்தில் விழுந்தது. இடது கால் இழுபட்டு ஓர் அடி நகர்ந்தது, கைபிடி இருந்த பக்கம். நான் எழும்பவில்லை. சாக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

சங்கிலி ஒரு முறை கறகறத்தது. கார் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அறிய, தூணிலிருந்த வெண்கட்டிக் கோட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.