இரண்டாவது பெடல்

அந்தக் குட்டிக் காரை அத்தான் அன்றைக்கே காயலான் கடைக்குத் தள்ளியிருந்தால் எங்கள் வீட்டில் பாதிச் சண்டை நடந்திருக்காது. இதை அவர் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கு வாய் நீளம்தான். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் கூடத்துச் சுவரில் காரின் கதவு சாய்ந்து நிற்கும். முகம் கழுவப் போனால் வாளியில் போல்ட்டும் நட்டும் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். யாருக்குத்தான் வாய் நீளாது?

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். எங்கள் பகுதியில் ஸ்டியரிங் பிடிக்கிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் அவள் கையால் அடி வாங்கியவர்கள். அவளுடைய முதல் வண்டி இந்தக் கார். ரெண்டே கதவு, உருண்டை விளக்கு, இப்போது யாரும் செய்யாத மாடல். கற்றுக்கொடுக்கிற வண்டி என்பதால் வாத்தியார் உட்காரும் இடது பக்கத்திலும் தனியாக ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் அக்கா தன் பக்கத்துப் பெடலைச் சத்தமில்லாமல் அழுத்திவிட்டு, "நல்லா நிறுத்தினே" என்று பாராட்டிவிடுவாள். பயம் ஒரு தடவை உள்ளே போய்விட்டால் அப்புறம் எந்தக் கொம்பனாலும் அதை வெளியே எடுக்க முடியாது என்பாள்.

அத்தானும் அவளிடம் படித்தவர்தான். அவளுக்கு வாய்த்த மாணவர்களிலேயே மகா மட்டம். லைசென்ஸ் கிடைப்பதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது, அவ்வளவு சாமர்த்தியம். இன்றைக்கும் அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை வாங்க, போங்க என்பாள். கோபம் வந்தால் மட்டும் பழைய மாணவனாக்கி நீ, வா, போ என்று இறங்கிவிடுவாள்.

அவளுக்கு வந்தது நரம்பு வியாதி. முதலில் கால் போகும், பிறகு கை, அதற்கப்புறம் தொண்டை என்று டாக்டர் ரயில் நிலையங்களின் பெயரைச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். கால் போனதும் ஸ்கூலை மூடினோம். மற்ற வண்டிகள் விலை போயின. இதை மட்டும் யாரும் சீண்டவில்லை. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. அக்கா பேச்சைக் குறைத்து, பிறகு சுத்தமாகவே நிறுத்திவிட்டாள். நான் வேலையை மாற்றிக்கொண்டு அவர்கள் வீட்டோடு வந்து தங்கினேன்.

ஒரு நாள் அத்தான், "வாத்தியாரம்மா, இதைக் கையாலயே ஓட்டற மாதிரி செஞ்சு தரேன்" என்றார். வாயே திறக்காதவள், "எப்போ?" என்று கேட்டாள். அவள் கை போவதற்குள் கார் தயாராக வேண்டும். ஒரே ஒரு தடவை அவள் தானாக ஓட்டி, தானாக நிறுத்த வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். அத்தான் குடிநீர் பம்ப் ஹவுஸில் ஃபிட்டர். எதையும் அரைகுறையாகச் செய்ய அவருக்கு வராது. லீவரை மாட்டுவதற்காகத் தரையைச் சுரண்டினார், தரை பிஸ்கெட் மாதிரி உதிர்ந்தது. தரைத் தகட்டை வெட்டினார், ஓரச் சட்டங்களும் போயிருந்தன. சட்டத்தை மாற்றி வெல்டிங் வைத்தார், கதவு மூடவில்லை. ஒன்றைத் தொட்டால் ஒன்பது கிளம்பியது. பிறகு முகப்பைத் தட்டி எடுத்து, பட்டி பூசி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து. "ஓட்டறதுக்கு ரோடு போதாதா, கண்ணாடி மாதிரி பேனட் எதுக்கு?" என்று கத்தினேன். வாத்தியாரம்மா ஓட்டுகிற வண்டி நாலு பேர் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா என்றார். வயிற்றெரிச்சல்.

அவர் கொட்டகையில் இருந்த நேரமெல்லாம் அக்கா கூடத்தில் சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியாக இருந்தாள். முன்பெல்லாம் சாயங்காலமானால் இருவரும் அக்கம்பக்கத்துக் கதையெல்லாம் பேசி முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். இப்போது வேலையிலிருந்து வந்ததும் அவளைத் தூக்கிக் குளிப்பாட்டி, உடை மாற்றி, நாற்காலியில் வைத்த கையோடு ஓடிவிடுவார். ஊட்டுவது என் பொறுப்பு. நான் ஊட்டும்போது, "அவர் சாப்பிட்டாரா, கேளு" என்பாள். கேட்க மாட்டேன். கோபம்.

பிரேக்குக்கு அவர் செய்த ஏற்பாடு இது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு நீள லீவர். அதை முன்னால் தள்ளினால் ஒரு கம்பி போய்க் கால் பெடலை அழுத்தும். ஆக்சிலேட்டருக்கு அந்த லீவருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன விசை. கிளட்சை மட்டும் இடது பக்கத்தில் உட்கார்ந்து அவரே தன் காலால் பார்த்துக்கொள்வார். லீவரின் நுனியில் பட்டியைப் பிசைந்து வைத்து, அது ஈரமாக இருக்கும்போதே அக்காவைப் பிடிக்கச் சொன்னார். அவள் விரல்கள் அப்படியே பதிந்தன. காயவைத்து, கருப்புப் பெயிண்ட் அடித்து, குழந்தைக்கு வாங்கிய பொம்மை மாதிரி துணியில் சுற்றி வைத்துக்கொண்டார். தரை, சட்டம், கதவு எல்லாம் முடிந்து அதை மாட்டியபோது அக்காவின் விரல்கள் இளைத்து அந்தப் பள்ளங்களில் தொளதொளவென்று கிடந்தன. மூன்று பேரும் பார்த்தோம். 

காரை ஸ்டாண்டில் ஏற்றி வைத்துத்தான் சோதனை. அக்காவைத் தூக்கி ஓட்டும் இருக்கையில் வைப்போம். அத்தான் பக்கத்தில் உட்காருவார். நான் பின்னால் போய் நிற்பேன். பெடல் நன்றாக அழுந்தினால்தான் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரியும்படி அவர் வைத்திருந்தார். எரியுதா, எரியலையா என்று சொல்வது என் உத்தியோகம். நாள் தவறாமல் "எரியல" என்றேன். பழைய காரின் பிரேக்கை ஆரோக்கியமான காலால் மிதிப்பதே பாடு. அத்தான் லீவரை நீட்டிப் பார்த்தார், அவள் முழங்காலில் இடித்தது. வளைத்துப் பார்த்தார். ஸ்பிரிங்கை மாற்றினார். எரியவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி என் நாக்கே கசந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் எரிந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மறுநாளும் எரிந்தது. கம்பியின் கோணத்தில்தான் கோளாறு இருந்தது, சரி பண்ணிவிட்டேன் என்றார் அத்தான். அக்கா சிரித்தாள். அந்த வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டாள், என் கடை முதலாளியைப் பற்றிக் கேலி பேசினாள். எனக்கு அத்தான்மேல் மரியாதையே வந்துவிட்டது.

அடுத்த சோதனையில் விளக்கு எரியவில்லை. பல்பு கருகியிருந்தது. கத்தினால் அக்காவின் மனசு உடைந்துவிடுமே என்று, பல்புதான் போச்சு என்று சொல்ல முன்பக்கம் நடந்து வந்தேன். இடது கதவு திறந்து கிடந்தது. உள்ளே அத்தானின் கால், கெண்டைக்கால் புடைக்க, இரண்டாவது பிரேக் பெடலை மிதித்துக்கொண்டிருந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு லீவரைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அவரைக் கொல்லைப்புறம் இழுத்துப் போனேன். வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். பைத்தியமா என்று கேட்டேன். அதற்கு மேலும் கேட்டேன், எழுத முடியாது. அவர் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புது வண்டிகளில் பிரேக்கை லேசாக்குகிற பூஸ்டர் ஒன்று தேடிக்கொண்டிருப்பதாகவும், கிடைத்ததும் நிஜமாகவே அவள் கைக்கு நிற்கும் என்றும் சொன்னார்.

"அவளுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. சொல்லிடாதே."

"அவளுக்கா, உங்களுக்கா?" என்றேன்.

அவர் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டார். நானும் அக்காவிடம் சொல்லவில்லை. அவள் மறுபடி தட்டைத் தள்ளிவிடுவாளோ என்ற பயம்தான். பூஸ்டர் கிடைக்கவில்லை. அக்காவுக்கு இடது கைச் சுண்டுவிரல் மடங்கிக்கொண்டது.

"ஞாயித்துக்கிழமை போறோம்" என்றாள் அவள். அவளுக்குத் தெரியும், இனி தள்ளிப்போட நாளில்லை.

மூடிக்கிடந்த நூல் மில்லுக்குப் பின்னால் ஒரு பொட்டல் உண்டு. அக்கா தன் மாணவர்களை முதன்முதலாகக் கூட்டிப்போகிற இடம். அதுவரை அத்தான் ஓட்டினார். அங்கே இடம் மாற்றினோம். நான் பின் இருக்கையில் மடங்கி உட்கார்ந்தேன். காலை வெயிலில் பேனட் உண்மையிலேயே கண்ணாடி மாதிரிதான் இருந்தது, சொல்லாமல் இருக்க முடியாது.

முதல் கியர் போட்டு அத்தான் கிளட்சை விட்டார். வண்டி நகர்ந்தது. அக்கா ஒரு கையால் ஸ்டியரிங்கை ஒடித்து, பொட்டலை ஒரு வட்டம் வந்தாள். கழுத்தை நிமிர்த்தி, கண்ணாடியைப் பார்த்து, திரும்பும் முன் ஓரத்தைக் கவனித்து, எல்லாம் அந்தப் பழைய வாத்தியாரம்மா. லீவரைத் தள்ளினாள், வண்டி நின்றது. அத்தான், "பிரமாதம்" என்றார். இன்னொரு வட்டம். நின்றது.  பொய்யாகவே இருக்கட்டும், இப்படியே இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை அவள் தோள் முன்னால் போனது. வண்டி நின்றது. ஆனால் அவள் கை லீவரில் இல்லை. மடியில் இருந்தது.

"நான் தொடவே இல்ல" என்றாள்.

இன்ஜின் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அத்தான் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை பேருக்கு இதைச் செஞ்சிருக்கேன். பக்கத்துக் கால் மிதிக்கிறது எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உயரவில்லை. "கிளட்சை விட்டுட்டுக் காலை மேல தூக்கு. சம்மணம் போட்டு உக்காரு."

நீ என்று இறங்கிவிட்டாள். அவர் வேண்டாம் என்றார். சுவர் இருக்கிறது என்றார். வியர்வை அவர் காதோரம் வழிந்தது.

"ஹேண்ட் பிரேக்கையும் தொடாதே. என்னை ஏமாத்தாம ஒரே ஒரு தடவை இரு."

என்னை இறங்கச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். அத்தான் கிளட்சை விட்டு, செருப்பைக் கழற்றி, பந்தியில் உட்காருகிறவர்போல இருக்கையில் காலை மடித்துக்கொண்டார். கைகளைக் கக்கத்தில் திணித்துக்கொண்டார். கார் ஊர்ந்தது. அக்கா விசையைக் கொஞ்சம் இழுத்தாள், வேகம் ஓடுகிற ஆள் அளவுக்கு ஏறியது. எதிரே மில்லின் சுற்றுச்சுவர். விசையை விட்டாள். ஸ்டியரிங்கையும் விட்டு, இரண்டு கையாலும் லீவரைத் தள்ளினாள். கை போதாமல் நெஞ்சைக் கொண்டு தள்ளினாள். அவள் கழுத்து நரம்பெல்லாம் எழுந்து நின்றதைப் பின்னாலிருந்து பார்த்தேன். என் கால் தானாகத் தரையை மிதித்தது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு, "தள்ளு, தள்ளு" என்று முனகினார்.

கார் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

இடித்ததும் இன்ஜின் அணைந்தது. பேனட் கூரைபோல மடிந்தது. மாதக்கணக்கில் பூசித் தேய்த்த பட்டி சில்லு சில்லாகக் கொட்டியது. அத்தானுக்கு நெற்றியில் ரத்தம். அக்காவின் இடது மணிக்கட்டு பிசகிவிட்டது. அவர் அவளைப் பார்த்து, "போச்சு, எல்லாம் போச்சு" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அக்கா அழவில்லை. மூச்சு வாங்க, "எனக்குத் தெரிஞ்சாகணும்னு இருந்துது. தெரிஞ்சுடுச்சு" என்றாள். கட்டி இழுத்துத்தான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

மறுநாள் விடிந்ததும் கொட்டகையில் சுத்தியல் சத்தம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். எனக்கு முன்னால் அக்காவே கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபிறகுதான் வந்தார், கையில் சுத்தியலோடு.

"அதை நிமித்த வேணாம்" என்றாள். "இங்க வந்து உக்காரு."

"உக்காந்து?"

கேலியாகக் கேட்கவில்லை அந்த மனுஷன். நிஜமாகவே தெரியாமல் கேட்டார். கையில் ஸ்பானர் இல்லாமல் சாகப்போகிற மனைவிக்குப் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை மாதமாக நான் அவரைத் திட்டித் தீர்த்தேனே தவிர, இது என் மண்டையில் ஏறவேயில்லை.

"சும்மா உக்காரு" என்றாள்.

நான் சுத்தியலை வாங்கிக்கொண்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்தார். அக்கா தன் வலது கையை, அதுதான் கொஞ்சமாவது அசையும், நகர்த்தி நகர்த்தி அவர் உள்ளங்கைக்குள் கொண்டுபோனாள். அவள் முகம் இறுகியது. பொட்டலில் பார்த்த அதே நரம்புகள் கழுத்தில் எழுந்தன.

"அழுத்தறேன். தெரியுதா?"

"ம். தெரியுது" என்றார் உடனே.

"பொய் சொல்லாதே."

அத்தான் குனிந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணிற்று. 

"தெரியல" என்றார்.

அக்கா தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டாள்.