அந்த வீட்டுக் கற்கள்

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் வளர்ப்பு மீன் கடைக்குப் போகவும் கஞ்சி போட்ட சட்டைதான் அணிந்தார். கூடவே மகள். அவளுக்கு விவாகரத்து ஆகி மாதம்கூட முடியவில்லை.

கடைசிப் பேச்சில், இரு வீட்டாரும் வக்கீல்களும் கேட்க, அவர் சொன்ன சொல் இது: "உங்க வீட்டுக் குண்டூசிகூட எங்களுக்கு வேண்டாம்." சொன்னபடியே கட்டில் முதல் கரண்டி வரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு மகளை அழைத்து வந்தார். மகள் ஒன்றே ஒன்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன்பே தன் சம்பளத்தில் வாங்கிக் கொண்டுபோன இரண்டு கோமாளி மீன்கள், உப்புநீர்த் தொட்டியில் வளரும் ஒரு கடல் பவளம்.

"அந்த வீட்டுல நான் வந்தா கிட்ட வந்தது அது ரெண்டும்தான்பா."

உயிருள்ளது சாமானில் சேராது என்று அவர் இசைந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுவதாகச் சம்பந்தி சொல்லி அனுப்பியிருந்தார்.

கடையில் அவர் கை நேராகச் சுவரளவு தொட்டியைக் காட்டியது.

"அதை வச்சா நாம வாசல்ல படுக்கணும்பா."

"அவங்க வீட்ல இருந்ததைவிடச் சின்னதா இருக்கக் கூடாது."

"மீனுக்கு அதெல்லாம் தெரியாது."

"ஊருக்குத் தெரியும்."

கடைக்காரர் சிரித்தார். "யானை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழக் கூடாது சார். தொட்டி ஒண்ணும் பெருசில்ல. உள்ள போறதுதான் ஆளை முழுங்கும்."

அப்பாவின் ஓய்வூதியம் எதுவரை தாங்கும் என்று மகளுக்குத் தெரியும். அதை அவர் வாயால் சொல்ல நேராதபடி அவளே முந்திக்கொண்டு நடுத்தரத் தொட்டி ஒன்றைத் தேர்ந்தாள். அழுக்கை நுரையாக இழுக்கும் ஸ்கிம்மரை ஒதுக்கினாள். வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இருக்கும் ஒரு பவளத்துக்கு எளிய விளக்கு. அலை எழுப்ப ஒரு சின்ன பம்ப். ஹீட்டரில் மட்டும் அவள் இறங்கி வரவில்லை.

"மட்டமானது ஒரு ராத்திரி அணையாம நின்னா எல்லாம் வெந்துடும்."

உப்பின் அளவு பார்க்கும் கருவியையும் எடுத்தாள். "கண்ணளவுல போட இது குழம்பில்லப்பா."

கடைசியாகக் கடைக்காரர் ஒரு பெட்டி நிறையக் கற்கள் கொண்டுவந்தார். சலவை செய்ததுபோல வெள்ளைவெளேரென்று இருந்தன. மாஸ்டருக்குப் பிடித்துப்போயிற்று. மகள் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"என்ன?"

"இது காஞ்ச கல்லு. மீனோட கழிவைத் தின்னுற கிருமி கல்லுலதான் குடியிருக்கும். இதுல அது வந்து சேர மாசக்கணக்கு ஆகும். அதுக்குள்ள மீன் தன் அழுக்குலயே செத்துடும்."

"கிருமி குடியிருக்கிற கல்லு இல்லையா?" என்றார் மாஸ்டர், கடைக்காரரைப் பார்த்து.

"அந்த உயிர்க்கல் இப்ப வர்றதே இல்ல சார். ஓடுற பழைய தொட்டியில இருந்து எடுத்தாத்தான்."

அப்படி ஒரு தொட்டி சம்பந்தி வீட்டில்தான் இருந்தது. அதிலிருந்த கற்களும் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கிப் போட்டவைதான். ஆனால் குண்டூசிகூட வேண்டாம் என்றாயிற்று.

"விடுங்கப்பா," என்றாள் மகள். "மீனை இவர்கிட்டயே கொடுத்துடலாம். யாராவது வளர்க்கட்டும்."

அவள் குரலில் வருத்தம் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. அந்த வீட்டில் இருந்த எட்டு வருஷமும் எதையெல்லாம் இப்படி விட்டுக்கொடுத்திருப்பாள் என்று தோன்றியது.

"தொட்டியைக் கட்டுங்க," என்றார் கடைக்காரரிடம்.

ஞாயிறு காலை அவர் மூடி போட்ட இரண்டு வாளிகளைத் தூக்கினார்.

"நான் போறேன்பா."

"நீ அந்தப் படி ஏறக் கூடாது. சொன்னது நான்."

சம்பந்தி வாசலிலேயே நின்றார். "மீனும் பவளமும் தொட்டியிலதான் இருக்கு. எடுத்துக்கங்க."

"கல்லும் வேணும்."

"குண்டூசிகூட வேண்டாம்னு சொன்னதா ஞாபகம்."

"சொன்னேன். நாலு பேர் முன்னால சொன்னேன். கல்லு என் பொண்ணு வாங்கினதுதான். ஆனா உரிமை பேச வரல. கேட்டு வாங்க வந்திருக்கேன்."

கிண்டலுக்குத் தயாராக இருந்த சம்பந்தி வாசலை விட்டு விலகி வழிவிட்டார். "பின்னாடி பழைய பக்கெட் இருக்கு," என்றார்.

"கொண்டுவந்திருக்கேன்."

கற்களை வெளியே எடுத்தால்தான் மீன்கள் சிக்கும் என்றும், தொட்டித் தண்ணீரிலேயே கற்கள் மூழ்கியிருக்க வேண்டும் என்றும் மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். கைகள் வழுக்கின. ஒரு கல் நழுவி, தண்ணீர் சட்டையெல்லாம் தெறித்தது.

"ஒரு கை பிடிக்கட்டுமா?" என்றார் சம்பந்தி.

மாஸ்டர் திரும்பவில்லை. வலையைப் பின்பக்கமாக நீட்டினார். "மெதுவா பிடிங்க. பயந்துக்கும்."

வீட்டில் உப்புநீர் கலந்து தயாராக இருந்தது. மகள் பழுப்பும் ஊதாவுமாகப் படர்ந்திருந்த கற்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஒரு கல்லின் துளையிலிருந்து நூல்போல ஏதோ எட்டிப் பார்த்து உள்ளே போயிற்று.

"உயிரோட இருக்குப்பா," என்றாள். பிறகு அவரைப் பார்த்தாள். சட்டையில் உப்பு திட்டுத்திட்டாகக் காய்ந்து பூத்திருந்தது.

"அங்க என்ன சொன்னாங்க?"

"கொடுத்தாங்க."

"சட்டையைக் கழட்டுங்க, அலசிடறேன்."

"அது கிடக்கட்டும்," என்றார் மாஸ்டர், தொட்டிக்கு முன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. "பவளம் மேல வைக்கணுமா, கீழயா? சொல்லு."