ரம்பத்தின் கீழ்ப்பக்கம்

அந்த இருமலைப் பற்றி முதலில் வாயைத் திறந்தது நானா, லெய்சரா என்பது இப்போது உறுதியாகத் தெரியவில்லை. லெய்சர்தான் என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன். என் ஞாபகம் எப்போதும் எனக்குச் சாதகமாகவே சாயும். அதனால் நான்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

1935. பின்ஸ்க் அருகே ஒரு மரவாடி. பாலஸ்தீனம் போய் மண்ணைத் திருத்துவதற்காக உடம்பைப் பழக்கிக்கொண்டிருந்த யூத இளைஞர்கள் நாங்கள், இருபத்திரண்டு பேர். எனக்கு ஜோடி மிந்த்லா, தையற்காரர் மகள். அடிமரத்தை உயரமான சட்டத்தில் கிடத்தி, ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று ரம்பம் இழுக்க வேண்டும். தூள் முழுவதும் கீழே நிற்பவர் முகத்தில் கொட்டும்.

"மேல ஏறுடா, பண்டிதா," என்பாள். "கண்ணுல தூள் விழுந்தா அப்புறம் எபிரேயத்துல யாரு பிரசங்கம் பண்றது?"

ஏறிக்கொள்வேன். இரண்டு குளிர்காலம் அப்படியே ஏறினேன்.

அந்த மார்ச்சில் எங்கள் குழுவுக்கு, பாலஸ்தீனத்தில் குடியேற ஒரே ஒரு அனுமதிச் சீட்டு வந்தது. வரிசையில் அடுத்த பெயர் மிந்த்லா. அதற்கடுத்தது நான். சபை கூடித்தான் முடிவு செய்யும். பெயருக்குரியவர் நடுவில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் மனதில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். ஒளிவுமறைவு இல்லாதவர்கள் என்பதில் எங்களுக்குப் பெருமை.

"மிந்த்லா இருமுறா," என்றேன். "டாக்டர் நெஞ்சைப் பாத்துத் திருப்பி அனுப்பிட்டா சீட்டு வீணாப் போயிடும். குழுவுக்காகத்தான் சொல்றேன்."

"எத்தனை நாளா?" என்றார் செயலாளர் லெய்சர்.

"ரெண்டு வருஷமா."

அவள் என்னைப் பார்த்தாள். கைகள் உயர்ந்தன. என் கையும்.

மறுநாள் காலை எனக்கு முன்பே அவள் சட்டத்தின் மேல் ஏறி நின்றிருந்தாள்.

"இன்னிக்கு நீ கீழ நில்லு."

மதியத்துக்குள் நான் குனிந்து இருமிக்கொண்டிருந்தேன். எச்சில் பழுப்பாக வந்தது.

"என்ன தோழரே," மேலிருந்து குரல், "உங்களுக்கும் நெஞ்சுல கோளாறா? லெய்சர்கிட்ட சொல்லவா?"

அவள் சொல்லவில்லை. நான் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சீட்டில் இன்னும் பெயர் எழுதப்படவில்லை. சாயங்காலம் இருமல் நின்றது. போகவில்லை.

டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சுத்தம் என்றார்.

அந்தச் சீட்டில் வந்து இறங்கிய ஹைஃபாவில்தான் நான் இப்போதும் இருக்கிறேன். மூன்று பிள்ளைகள். லெய்சர் 1938இல் வந்தார். போன வருடம் காலமானார். மரவேலையை விட்டதும் இருமல் நின்றுவிட்டதாக மிந்த்லா ஒரு கடிதம் எழுதியிருந்தாள். நான் பதில் போடவில்லை. 1942இல் பின்ஸ்கில் மற்ற யூதர்களோடு அவளையும் சுட்டுக் கொன்றார்கள்.