கர்ச்சீப் போட்ட இடம்

ராயக்கோட்டையில் கம்பெனி பஸ் வந்து நின்றால் முதலில் ஏறுவது ஆள் இல்லை, கர்ச்சீப். ஜன்னல் வழியாகப் பறந்து போய் ஒரு சீட்டில் விழும். அதற்குச் சொந்தக்காரர் பிறகு மண்டிக்குப் போகும் தக்காளிக் கூடைகளைத் தாண்டி, கதவருகே முட்டி மோதி, உள்ளே வந்து நிதானமாக உட்காருவார். கர்ச்சீப் கிடக்கும் இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். எழுதி வைத்த விதி எதுவும் கிடையாது. ஆனால் கம்பெனி இருக்கும் ஓசூர் சிப்காட்டில் எழுதி வைத்த எந்த விதிக்கும் இவ்வளவு மரியாதை இல்லை.

ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் மாதேஸ்வரன் மட்டும் இரண்டு இடம் பிடிப்பான். ஜன்னலோரம் அவன். பக்கத்தில் ஓர் ஊதாக் கர்ச்சீப்.

அது அவன் மனைவி பிரவீனாவின் இடம். அதே கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் இருந்தாள். வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, தலையை வாரியும் வாராமலும், டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க, கடைசி ஆளாக ஓடி வருவாள். அதனால் அவன் முன்னால் வந்து இடம் போட்டு வைப்பான். முந்தின வருஷம் மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. அதோடு அவள் போய்விட்டாள். லீவு முடிந்து பஸ் ஏறிய அன்று மாதேஸ்வரனின் கை பழக்கத்தில் கர்ச்சீப்பைப் போட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் போட்டது. அப்படியே நடந்துகொண்டிருந்தது.

அப்போது பஸ்ஸில் இடம் தாராளம்; கர்ச்சீப் போட்டதெல்லாம் பிடித்த சீட்டுக்காகத்தான். இந்த வருஷம் கம்பெனிக்குச் சிக்கனம் நினைவுக்கு வந்தது. கெலமங்கலம் பஸ்ஸை நிறுத்தி, அந்த ஆட்களும் உத்தனப்பள்ளியில் இதே பஸ்ஸில் ஏறிக்கொள்ளட்டும் என்றார்கள். அன்று முதல் உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூர் வரை பாதிப் பேர் நின்றுகொண்டு வந்தார்கள்.

அப்படி வந்தவள்தான் அசெம்பிளி லைன் சுமலதா. வீட்டில் தெலுங்கு, சூப்பர்வைசரிடம் கன்னடம், சண்டைக்குத் தமிழ். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பொதுவுடைமைக் கொள்கையைப் பற்றி அறிமுக வகுப்பு எடுக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள். கேண்டீனில் கூட்டம் கூடக் கூடாது. ஷிப்ட் முடிந்தால் எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.

“அப்ப பஸ்ஸுலயே நடத்தறேன்” என்றாள். மேல்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டி ஆட்டி நடத்தினாள்.

“மனுசன் மொதல்ல எப்படி இருந்தான்? சேந்து வேட்டையாடினான், கெடச்சதப் பங்கு போட்டுத் தின்னான். மிச்சம் வைக்க ஒண்ணுமில்ல. அதனால சொத்துக்காரனும் இல்ல, ஏழையும் இல்ல.”

“எங்க ரூம்ல மாசக் கடைசி அப்படித்தான் சுமா” என்றான் வெஸ்லின். மிஷின் ஆபரேட்டர். சங்கத்துக்குச் சந்தா கட்டுவது, கிண்டல் செய்யும் உரிமைக்காக என்று சொல்லிக்கொள்பவன்.

“அப்புறம் வெவசாயம் வந்துது. மிச்சம் வந்துது. அந்த மிச்சம் யார் கைக்குப் போச்சோ அவன் ஆண்டான், மத்தவன் அடிமை. பின்னால நெலம் வச்சிருந்தவன் ஆண்டான். இப்ப மிஷின் வச்சிருக்கறவன். ராஜா நல்லவனா கெட்டவனாங்கறது வரலாறு இல்லீங்க. சோத்த யாரு விளைய வைக்கறான், கருவி யாரு கையில இருக்குது, அதுதான் வரலாறு.”

மாதேஸ்வரன் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பி.ஏ. வரலாறு. மூன்று வருஷமும் யார் யாரை எங்கே தோற்கடித்தார் என்று மனப்பாடம் செய்து, பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்தவன். இவள் வரலாற்றில் ராஜாவையே காணோம். கேட்க ஆயாசமில்லாமல் இருந்தது.

“ஒண்ணும் மண்டைல ஏறல” என்றான் வெஸ்லின். “இந்த பஸ்ஸ வச்சு சொல்லு.”

சுமலதா சுற்றிலும் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“சரி. இந்த பஸ்ஸுல மொதல்ல எடம் நெறைய. யாரு எங்க வேணா உக்காந்தாங்க. அது ஆதிப் பொதுவுடைமை. அப்புறம் ஒருத்தரு கர்ச்சீப்பப் போட்டாரு. தனிச்சொத்து வந்துருச்சு. இப்ப எங்க பஸ்ஸயும் நிறுத்தியாச்சு, கூட்டம் பெருகிருச்சு. நெலம மாறிப்போச்சு, வழக்கம் மாறல. பழைய ஏற்பாடு புது நெலமைக்கு வெலங்கா ஆகும்போதுதான் வரலாறு அடுத்த படிக்குப் போகும். அதோ, அந்த அண்ணாவப் பாருங்க. ஒரு ஆளு, ரெண்டு சீட்டு. ஜமீன்தார்.”

வெஸ்லின் கைப்பேசியைத் துடைக்க ஆரம்பித்தான். டிரைவர் அழகர்சாமி கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பினார். அந்தக் காலி சீட்டை ஒட்டி நின்றிருந்த பேக்கிங் செக்‌ஷன் ஜெபசீலி, சுமலதாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். “சும்மா இரு கண்ணு.”

மாதேஸ்வரன் திரும்பினான்.

“ஜமீன்தாருக்குக் குத்தகை வரணும். எனக்கு வர்றதில்ல.”

யாரோ சிரித்தார்கள். பஸ்ஸுக்குள் மூச்சு வந்தது.

ஜெபசீலி கேண்டீனில் வைத்து விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் சுமலதா அவன் சீட்டருகே வந்து நின்றாள்.

“தெரியாமப் பேசிட்டங்ணா.”

“பாடம் சரிதான்.”

“உதாரணம்?”

“அதுவும் சரிதான்.”

சரி என்று அவனுக்கே தெரிந்தது. ஜெபசீலிக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருந்தது. நாள் முழுவதும் பேக்கிங் மேஜை முன்னால் நிற்பவள், பஸ்ஸிலும் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று வந்தாள். கர்ச்சீப்பை எடுத்தால் போதும். ஆனால் எடுத்தால், பிரவீனா இனி ஓடி வர மாட்டாள் என்று ஆகிவிடும். எடுக்காவிட்டாலும் வர மாட்டாள். அது அவனுக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

சுமலதா அதன் பிறகு பஸ்ஸை உதாரணம் காட்டவில்லை. மிச்சம் என்கிற உபரியைத் தக்காளியை வைத்துச் சொன்னாள். விளைய வைத்தவன் விலை சொல்ல முடியாத கதை அது. அடித்தளம், மேற்கட்டுமானம் இரண்டையும் மாட்டுக் கொட்டகையை வைத்துச் சொன்னாள். உழைப்பு, கருவி, உடைமை இவை கீழே இருக்கும் அஸ்திவாரம். சட்டம், சடங்கு, பழக்கம் மேலே எழும்பும் கூரை. “கீழ அசைஞ்சாலும் மேல இருக்கறது உடனே அசையாது. பழக்கம் கொஞ்ச நாள் அப்படியே நின்னுக்கிட்டிருக்கும்.”

“மாடு செத்தாலும் கொட்டகைல சாணி நாத்தம் போகாத மாதிரி” என்றான் வெஸ்லின்.

“ஆமா, நீ பாஸாயிட்ட.”

ஒரு திங்கட்கிழமை விடியும் நேரத்தில் மழை. கொடியில் காய்ந்த ஊதாக் கர்ச்சீப் மறுபடி நனைந்து தொங்கியது. மாதேஸ்வரன் அது இல்லாமல் வந்தான். சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கை பாக்கெட்டில் தேடியது. ஒன்றும் இல்லை. பக்கத்து சீட் வெறுமையாக, கிழிந்த ரெக்ஸினில் பஞ்சைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

சரி, மழையே முடிவு செய்துவிட்டது என்று நினைத்தான். யார் வந்து உட்காருகிறார்கள் என்று பார்க்கப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உத்தனப்பள்ளியில் கூட்டம் ஏறியது. ஈரக் குடைகள், டிபன் பைகள், திட்டு, சிரிப்பு. பஸ் கிளம்பியது. பக்கத்தில் யாரும் உட்கார்ந்த அசைவு இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் காலி சீட்டைக் கண்டு பையை வைக்கக் குனிந்தார்.

“அங்க ஆள் இருக்குதுங்க” என்றாள் ஜெபசீலி.

“ஆமா, ஆள் வருது” என்றான் பின்னாலிருந்து வெஸ்லின்.

“ஆள் இருக்குதுங்ணா” என்றாள் சுமலதாவும்.

அவர் குழப்பத்தோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நகர்ந்தார்.

மாதேஸ்வரன் மெல்லத் திரும்பி அந்த சீட்டைப் பார்த்தான். இத்தனை நாளும் கர்ச்சீப்தான் இடத்தைக் காத்தது என்று நினைத்திருந்தான். கர்ச்சீப் இல்லை. இடம் இருக்கிறது. காத்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்து, கால் மாற்றிக் கால் நின்றுகொண்டிருந்தார்கள்.

எழுந்தான்.

“சுமா, உன் பாடத்துல ஒரு தப்பு இருக்குது.”

முன்சீட்டுத் தலைகள் எல்லாம் திரும்பின. அவன் குரலை அவர்கள் கேட்டு நாளாகியிருந்தது.

“இது ஜமீன் இல்ல. நான் புடிச்ச எடமும் இல்ல. நீங்கெல்லாம் நின்னுக்கிட்டு வச்சுக் குடுத்த எடம். பொதுச் சொத்து.”

சுமலதா கொஞ்சம் யோசித்தாள். “சரிதாங்ணா. திருத்திக்கறேன்.”

“பொதுச் சொத்துன்னா ஆள் உக்காரலாம். ஜெபசீலியக்கா, உக்காருங்க.”

“வேணாந் தம்பி. நான் நிக்கறேன்.”

“பிரவீனா இருந்தா உங்கள நிக்க விடுவாளா?”

“விட மாட்டா” என்றாள் ஜெபசீலி. “ஆனா எந்திரிக்கவும் மாட்டா. அவ மடியில உக்காத்தி வச்சுக்குவா.”

பஸ்ஸே சிரித்தது. மாதேஸ்வரனும் சிரித்தான். ஜெபசீலி உட்கார்ந்து காலை நீட்டி, ஆண்டவரே என்று ஒரு பெருமூச்சு விட்டாள்.

விடுவாளா சுமலதா. “அப்ப அடுத்த படி. இதுவரைக்கும் உக்காந்தவங்க எந்திரிங்க, நின்னவங்க உக்காரட்டும். தெனமும் பாதி வழி நீங்க, பாதி வழி நாங்க.”

“நான் ஜமீன்தார் இல்ல” என்று சீட்டை இறுகப் பிடித்தான் வெஸ்லின். “சிறு வெவசாயி. ஒரே சீட்டு.”

“சிறு வெவசாயியும் எந்திரிக்கணும்.”

பஸ்ஸில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் எழுந்ததைக் கண்ணாடியில் கண்டு அழகர்சாமி பிரேக்கை மிதித்தார். மதுரைப் பக்கத்து ஆள். “என்னப்பு, எல்லாரும் எறங்கப் போறீகளா?”

“இல்லண்ணே, வரலாறு நகருது” என்றான் வெஸ்லின், மேல்கம்பியில் தொங்கியபடி.

சிரிப்பு அடங்கியதும் சுமலதா சொன்னாள். “ஆனா ஒண்ணு. இருக்கறதப் பங்கு வச்சுக்கிட்டோம், அவ்வளவுதான். எங்க பஸ்ஸ எடுத்தது யாருங்கறத மறந்துடக் கூடாது. ஒரு பஸ்ஸுக்குள்ள நம்ம சண்ட போட்டா யாருக்கு மிச்சம்?”

அன்று டீ நேரத்தில், நிறுத்திய பஸ்ஸைத் திரும்பக் கேட்டு, எல்லோரும் சேர்ந்தே மேனேஜர் அறைக்குப் போனார்கள். ராயக்கோட்டைக்காரர்களும் போனார்கள். மேனேஜர் வாசல் வரை நிற்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, பரிசீலிப்பதாகச் சொன்னார். நிர்வாகம் பரிசீலிப்பது என்றால் என்ன, அதை எப்படிச் சீக்கிரம் முடிய வைப்பது என்பது அடுத்த வகுப்பு என்று சுமலதா அங்கேயே அறிவித்தாள்.

மறுநாள் காலை மாதேஸ்வரனுக்கு இடம் பிடிக்கிற அவசரம் இல்லை. காபியை ஆற அமரக் குடித்தான். ஊதாக் கர்ச்சீப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கும்போது ஹாரன் கேட்டது. நீளமான ஹாரன். பிரவீனாவுக்காக அடித்த அதே ஹாரன்.

ஓடினான். தலை வார மறந்திருந்தான்.

“என்னா தம்பி” என்றார் அழகர்சாமி, கியரைப் போட்டபடி. “அந்தப் புள்ள பழக்கம் ஒட்டிக்கிருச்சாக்கும்?”

“ஆமாண்ணே” என்று கர்ச்சீப்பை எடுத்து, முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.