மேஜை என்று சொல்லப்பட்ட மெஷின்

தண்ணீரை அடக்கியவன்தான் நாகரிகத்தைத் தொடங்கி வைத்தான். ஆற்றுக்குக் கரை கட்டியவன், குளத்துக்கு மடை வைத்தவன், குழாய்க்குத் திருகு கண்டவன் என்று நீளும் அந்த மாபெரும் வரிசையில் தனக்கும் ஓர் இடம் காத்திருக்கிறது என்பதைப் பரிசோதகர் உணர்ந்தபோது, குப்பைமேட்டில் முழங்காலிட்டு, யாரோ தூக்கியெறிந்த மெஷினுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. வாளியில் தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாள் மேல் வைப்பார். தாள் நனைந்தால் வாளி தள்ளுபடி. வேலை இவ்வளவுதான். ஆனால் யாராவது கேட்டால் 'தர நிர்ணயம்' என்பார். சொல்லிவிட்டு, கேட்டவர் அதைத் தாங்கிக்கொள்ளச் சற்று அவகாசமும் கொடுப்பார்.

தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருந்த பழைய விடுதியை இடித்தார்கள். கட்டில் கால், கதவு, கண்ணாடிச் சில்லு இவற்றோடு வெளியே வந்து விழுந்ததுதான் அந்தப் பாத்திரம் கழுவும் மெஷின். இடுப்பளவு உயரம். பாலேடு நிறத்தில் தகர உடம்பு. முன்னால் கதவு, உள்ளே கம்பித் தட்டு, தலையில் கனத்த மரப்பலகை, காலில் நான்கு சக்கரம். வேண்டும்போது உருட்டி வந்து, முதுகில் சுருண்டிருக்கும் ரப்பர்க் குழாயைச் சமையலறைக் குழாயில் மாட்டினால் போதும். கழுவி முடித்ததும் ஓரமாகத் தள்ளிவிடலாம். பரிசோதகரின் அப்பா கல்யாணம் செய்த காலத்துச் சரக்கு. கம்பெனிப் பெயரில் முதலெழுத்தும் கடைசியெழுத்தும் மட்டும் உதிராமல் இருந்தன.

"எடுத்துட்டுப் போங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் இடிக்க வந்த மேஸ்திரி. தன் முதுகில் ஏறவேண்டிய பாரம் இன்னொருவன் முதுகுக்குப் போகிற சந்தோஷம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

புண்ணியம் தேடிக்கொள்வதில் ஒரு சங்கடம் இருந்தது. பரிசோதகர் குடியிருந்தது மாடியில். வீட்டுக்கார அம்மா குடியிருந்தது அதற்கு நேர் கீழே. போன வருஷம் துணி துவைக்கும் மெஷினின் குழாய் கழன்று, மாடித் தண்ணீர் அந்தம்மாளின் படுக்கையறைக் கூரை வழியாக இறங்கிவிட்டது. கட்டிலுக்கு நேர்மேலே ஒரு கறை. தினமும் அந்தக் கறையில்தான் அவர் கண்விழிக்கிறார்.

"இன்னும் ஒரே ஒரு சொட்டு என் தலைல விழட்டும். அன்னிக்கே சாமானைக் கட்டிக்கங்க" என்று சொல்லியிருந்தார். சத்தம் போடவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

பரிசோதகரின் மனைவிக்கு இது ஏழாவது வீடு. தெருமுனையில் அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை. கல்யாணமான நாளிலிருந்து அவள் நடந்தே வேலைக்குப் போனது இந்த வீட்டிலிருந்துதான்.

"எட்டாவது வீட்டுக்கு நீங்களும் உங்க மெஷினும் ஜோடியாப் போங்க. நான் கீழ அந்தம்மாகூடத் தங்கிக்கறேன்" என்றாள்.

அதனால் மெஷின் போர்வைக்குள் ஒளிந்துதான் மாடியேறியது. பாதிப் படியில் கீழ்வீட்டுக் கதவு திறந்தது.

"என்ன அது?"

"மேஜைம்மா. சமையல்கட்டுக்கு."

வீட்டுக்கார அம்மா போர்வைக்கு வெளியே தொங்கிய ரப்பர்க் குழாயைப் பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை. வால் வைத்த மேஜையை யார் பார்த்திருக்கிறார்கள்?

மெஷினுக்குள் எலி கட்டியிருந்த கூட்டைப் பிரித்தெடுத்தார். கதவு ரப்பரை மாற்றினார். துருவைச் சுரண்டினார். ஆனால் தண்ணீர் விட்டுப் பார்க்க மட்டும் கை வரவில்லை. அது அப்படியே மேஜையாகவே காலம் தள்ளியிருக்கும், பரிசோதகர் சகலையிடம் வாயைக் கொடுக்காமல் இருந்திருந்தால்.

சகலை, மனைவியின் அக்கா புருஷன், இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று கேட்டால் "நிர்வாகம்" என்பார். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். 'டைரக்டர்' என்ற பெயர் மட்டும் இன்னும் பதவியில் இருந்தது.

"குப்பைல கெடந்ததா?" என்று போனில் கேட்டார் டைரக்டர்.

"மீட்டெடுத்தது அண்ணே."

"ஓடுமா?"

"ஓடுமாவா? பட்டனைத் தொட்டாப் போதும்."

"அப்ப நானே வந்து பாக்கறேன். இந்த மாதிரி விஷயத்துல ஒரு மூணாவது ஆள் மதிப்பீடு அவசியம்."

வீட்டுக்கார அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் வீட்டுக்குப் போவார். அந்த நாளையே குறித்தார்கள். டைரக்டர் கஞ்சி போட்ட சட்டை, வெளிர்நிறப் பேண்ட், கையில் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலுடன் வந்து இறங்கினார். அவர் மனைவி முட்டிவலி என்று வரவில்லை. டைரக்டரே நீண்ட தூரம் வண்டி ஓட்டி வந்திருந்தார். வரும் வழியெல்லாம் குடித்துக்கொண்டே வந்ததாகப் பெருமையாகச் சொன்னார்.

"தண்ணி குடிக்கத் தெரியல நம்ம ஜனங்களுக்கு. அதான் இத்தனை வியாதி" என்று மிச்சத்தையும் கவிழ்த்தார். அதன்மேல் ஒரு பெரிய டம்ளர் டீயும் போனது.

பரிசோதகர் சமையலறைக்கு வந்து பார்த்தால், மேடையில் அடுக்கியிருந்த பாத்திரங்கள் பளபளவென்று மின்னின.

"என்ன இது?"

"கழுவி வெச்சேன்" என்றாள் மனைவி.

"கழுவறதுக்குத்தானே மெஷின்?"

"அத்தான் வர்றார். எச்சில் தட்டை அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டச் சொல்றீங்களா? அக்கா காதுக்குப் போனா என்ன நெனைப்பா?"

வாதாட நேரமில்லை. கழுவிய பாத்திரங்களைக் கழுவுவதற்காக உள்ளே அடுக்கினார். மெஷினைச் சுற்றித் தரையில் செய்தித்தாள் விரித்தார். குழாயை மாட்டி, பலகைக்குக் கீழே இருந்த குமிழைத் திருப்பினார். உள்ளே கடிகாரம் போல ஏதோ டிக் டிக் என்றது. தண்ணீர் இறங்கும் சத்தம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மெஷின் உறும ஆரம்பித்தது.

பரிசோதகர் பாத்திரத்தைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தார். முன்னால் காய்ந்திருந்தது. பின்னால் குனிந்தார், காய்ந்திருந்தது. நிமிர்ந்ததும் முன்னால் நனைந்திருக்குமோ என்று தோன்றியது. மறுபடி குனிந்தார்.

"ஒரு திட்டத்தை மதிப்பிடறப்ப, தம்பி," என்று டைரக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொடங்கினார், "முதல்ல நாம பாக்க வேண்டியது..."

என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாமலே போயிற்று. வாசலில் மணி அடித்தது.

"மேல என்னத்தப் போட்டு உருட்டறீங்க?" என்று கதவுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கார அம்மாவின் குரல். மகன் குடும்பத்தோடு எங்கோ கிளம்பிவிட்டிருந்ததால் பாதி வழியில் திரும்பியிருந்தார்.

பரிசோதகர் குமிழைத் திருப்பினார், திரும்பவில்லை. பிளக் மெஷினுக்குப் பின்னால் சுவரோரம் மாட்டியிருந்தது; கை எட்டவில்லை. குழாயைப் பிடுங்கினால் கூரை வரை பீய்ச்சியடிக்கும். மெஷினோ நடுக்கத்தில் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நகரத் தொடங்கியிருந்தது, வந்தவரை வரவேற்கப் போவது போல.

"அண்ணே, ஏறி உக்காருங்க!"

"எது மேல?"

"மேஜைன்னு சொல்லி வெச்சிருக்கேன். உங்க கால் தொங்கினா குமிழ் மறையும், வெயிட்டுக்கு நகரவும் நகராது."

"தம்பி, நான் வகிச்ச பதவிக்கு... அதுவுமில்லாம நான் இப்ப கொஞ்சம் உள்ள போயிட்டு..."

"எங்க வீடே போயிடும் அத்தான்!" என்றாள் மனைவி. அவள் குரலில் இருந்த கலவரம் டைரக்டரைத் தூக்கிப் பலகைமேல் வைத்தது. பரிசோதகர் தாள்களை உருவிச் சுருட்டினார். மனைவி ரப்பர்க் குழாயின் மேல் இரண்டு ஈரத்துண்டுகளைக் காயப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

வீட்டுக்கார அம்மா நேராகச் சமையலறைக்கு வந்தார். முதலில் தொட்டியைப் பார்த்தார். பிறகு தரை. அதற்கப்புறம்தான் மனிதர்கள்.

"என்ன சத்தம்?"

"ஃப்ரிட்ஜ்ம்மா" என்றாள் மனைவி. ஃப்ரிட்ஜ் அடுத்த அறையில் இருந்தது.

"இவர் யாரு?"

"எங்க அக்கா வீட்டுக்காரர்."

"வணக்க்க்கம்" என்றார் டைரக்டர். மெஷின் அவரை முழுசாக உலுக்கிக்கொண்டிருந்தது. கன்னமும் மோவாயும் தனித்தனியாக ஆடின.

"ஏன் சார் இப்படி நடுங்கறீங்க?"

"குளிரும்மா" என்று முந்திக்கொண்டார் பரிசோதகர்.

"இந்த வெயில்லயா?"

"அண்ணனுக்கு மட்டும்."

டைரக்டர் ஒரு காலைத் தரையில் ஊன்றி இறங்கப் பார்த்தார். பரிசோதகர் அன்போடு தோளில் கைபோட்டு அமுக்கினார். சற்று நேரத்தில் மறுபடி இறங்கப் பார்த்தார். மறுபடி அமுக்கினார். டைரக்டரின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. மானஸ்தன், மேஜைமேல் உட்கார்ந்தது உறுத்துகிறது போலும் என்று பரிசோதகர் நினைத்துக்கொண்டார். வீட்டுக்கார அம்மாவோ போகிற வழியாக இல்லை. பால்காரர் தண்ணீர் கலப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அப்போதுதான் பரிசோதகர் பார்த்தார். பலகையின் முன்விளிம்பில் ஒரு சொட்டு திரண்டது. தொங்கியது. தகரத்தின்மேல் வழிந்து தரைக்கு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு எண்ண முடியாமல் ஒரு கோடாகவே இறங்கி டைரக்டரின் காலடியில் தேங்கியது.

ஏழு வீட்டுச் சாமானும் அவர் கண்முன்னே லாரியில் ஏறின. மனைவியைப் பார்த்தார், அவளும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கார அம்மாவின் பேச்சு பால்காரரிலேயே நின்றுவிட்டது. அவர் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார். வழிந்த தடம் வழியாகக் கண்ணை மேலே ஏற்றினார். டைரக்டரின் வெளிர்நிறப் பேண்டில் அது போய் நின்றது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"நான் வரேன்" என்றார் மெதுவாக.

வாசல்வரை போனதும் பரிசோதகரைக் கையசைத்துக் கூப்பிட்டார். சாமானைக் கட்டு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தே அவர் போனார்.

"எங்க வீட்டுக்காரரும் கடைசி வருஷம் இப்படித்தான் இருந்தார். நடுக்கம், அப்புறம் இது. வெளிய சொன்னா அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்" என்றார் வீட்டுக்கார அம்மா. கண் கலங்கியிருந்தது. "டாக்டர்கிட்டக் காட்டறீங்கள்ல?"

'மெஷின்தான் ஒழுகியது' என்ற ஒற்றை வாக்கியத்தில் டைரக்டரின் மானம் இருந்தது. அதே வாக்கியத்தில் வீடும் இருந்தது. பரிசோதகர் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

"மருந்து சாப்பிட்டுட்டுத்தான் இருக்கார்ம்மா" என்றார்.

"பாவம். சொந்தக்காரங்களை இப்படிப் பாத்துக்கற மனசு யாருக்கு வரும்? நீங்க இந்த வீட்டுல எவ்வளவு காலம் வேணும்னாலும் இருங்க."

உள்ளே மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. டைரக்டர் கீழே இறங்கினார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"ஒழுகுது! மெஷின் ஒழுகுதுய்யா! நான் என்ன மருந்துய்யா சாப்பிடறேன்? எவனோ குப்பைல போட்டதைத் தூக்கிட்டு வந்து நடு வீட்டுல வெச்சு... உன் தர நிர்ணயத்துல இடி விழ!"

அவர் முகம் சிவந்திருந்தது. பரிசோதகர் கையெடுத்துக் கும்பிட்டார். மனைவி ஒரு பழைய பேண்ட்டை நீட்டினாள். அது இடுப்பில் சேரவில்லை; சட்டையை வெளியே விட்டு மறைத்துக்கொண்டு, பாத்ரூமிலிருந்து வந்த கையோடு விடைபெறாமல் வண்டியேறினார்.

பரிசோதகருக்கு நிம்மதி வரவில்லை. இன்று தப்பித்தது டைரக்டர் புண்ணியத்தில். மெஷின் அடுத்த முறை ஒழுகும்போது உட்கார வைக்க வேறு சகலை கிடையாது. மெஷினைக் கவிழ்த்தார். கதவு ரப்பரைத் தடவினார், உலர்ந்திருந்தது. குழாய் இணைப்புகளில் காகிதத்தைச் சுற்றிப் பார்த்தார், நனையவில்லை. பலகைக்குக் கீழே தண்ணீர் போகிற பாதையே இல்லை.

சாயங்காலம் புதிய தாள் விரித்து, பாத்திரம் இல்லாமல் மறுபடி முழுசாக ஓட்டினார். மனைவி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் குந்தி உட்கார்ந்து, அது பெருமூச்சு விட்டு நிற்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள்.

மெஷின் ஒழுகவில்லை.