மீதி மூன்று சக்கரங்கள்

அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் மகள் அந்த மஞ்சளைக் கவனித்தாள். வலது கட்டைவிரலில், நகத்தை ஒட்டி, பெயிண்ட் காய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் உடம்பைத் துடைத்தவர்கள் தேய்த்துப் பார்த்துவிட்டு விட்டிருக்க வேண்டும். அப்பாவின் கைக்கு அந்த மஞ்சள் புதிதில்லை. ஆனாலும் அதைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு நேற்று பாதியில் நின்ற வேலை ஞாபகம் வந்தது.

ஒரு சக்கரம்தானே முடிந்தது? மீதி மூன்று?

"என்னடி அப்படியே உட்கார்ந்துட்டே? மணி பத்தாச்சு. பதினொண்ணுக்கு எடுத்துட்டுப் போற வண்டி வந்துடும்" என்றாள் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். நேற்றே ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டு, காலையிலிருந்து வீட்டை நிர்வாகம் செய்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு முன்பக்கம்தான் அப்பாவின் இடம். அதை ஒர்க்‌ஷாப் என்றால் அவருக்குக் கோபம் வரும். ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் இருப்பான். இங்கே நம்பர் போட்ட ஆறு கட்டங்கள், ஜாக்கிகள், சுவர் நிறையக் கருவிகள், அவ்வளவுதான். வண்டிக்காரர்கள் இடத்தை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ரிப்பேர் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். வாயால் சொல்வார், கையால் தொடமாட்டார். "உங்க வண்டி, உங்க கை." தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் நடக்காது.

அப்படித்தான் ஊர் நம்பிக்கொண்டிருந்தது. மனிதர் சரியான கள்ளர். கை கழுவும் தொட்டியை வேண்டுமென்றே கொல்லைக் கோடியில் வைத்திருந்தார். வேலை முடிந்ததும், "போய் நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க" என்று ஆளை அனுப்பிவிடுவார். கிரீஸ் போக எப்படியும் ஐந்து நிமிஷம் ஆகும். அதற்குள் டார்க் ரெஞ்ச் என்ற அந்த நீளமான ஸ்பேனரோடு நாலு சக்கரத்தையும் ஒரு சுற்று வருவார். நட்டு சரியாக இறுகியிருந்தால் அது 'டிக்' என்னும். பார்த்து முடித்த சக்கரத்தில், ஒரு நட்டின் மேல், கட்டைவிரலால் ஒரு மஞ்சள் பொட்டு. ஆள் திரும்பி வரும்போது அவர் கைகள் பழையபடி முதுகுக்குப் பின்னால் இருக்கும். யாராவது பொட்டைப் பற்றிக் கேட்டால், "கம்பெனியிலேயே வச்சு அனுப்புறதுதான்" என்று கூசாமல் புளுகுவார்.

அம்மாவுக்கும் மகளுக்கும் மட்டும்தான் இது தெரியும். "சொல்லிட்டே செய்யலாமேப்பா" என்று மகள் ஒருமுறை கேட்டாள். "தானே செஞ்சோம்னு நெனைக்கிறவன் நாளைக்கும் தானே செய்வான். நான் பார்த்தேன்னு தெரிஞ்சா என்னைத்தான் தேடுவான். நான் எத்தனை நாளைக்கு இருப்பேன்?" என்றார்.

நேற்று சாயங்காலம் நாலாம் நம்பர் கட்டத்தில் தையல் மாஸ்டரின் நீலக் கார் நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக பிரேக் பேடு மாற்றினார் அவர், நாலு சக்கரத்தையும் கழற்றி. காலையில் ஆரம்பித்தது சாயங்காலம் வரை இழுத்தது. மாஸ்டர் கை கழுவப் போனார். மேஜையில் உட்கார்ந்திருந்த மகள் நாலு 'டிக்' எண்ணினாள், ஒரு சக்கரத்தின் நாலு நட்டு. அதற்கப்புறம் இரும்பு தரையில் விழுந்த சத்தம்தான் கேட்டது. முன்னால் இடது சக்கரத்தை ஒட்டி அப்பா சரிந்து கிடந்தார்.

ஈரக் கையோடு ஓடிவந்த மாஸ்டர்தான் ஆம்புலன்ஸில் தூக்கிப் படுக்க வைத்தார். "நீ ஏறும்மா, நான் ஷட்டரை இழுத்துட்டுப் போறேன்" என்றார். தன் காரை வெளியே எடுத்து, ஷட்டரை இழுத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்று அவர் தன் மகளைக் காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் விடுகிறார், இருநூறு கிலோமீட்டர், பாதி தூரம் மலைப்பாதை. அதற்குத்தானே பிரேக்கே மாற்றினார்.

அவள் பின்பக்கம் போய் மாஸ்டருக்கு ஆறு தடவை போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது.

அம்மா நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவின் தலைமாட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் காதோரம் குனிந்தாள்.

"அம்மா, நேத்து மாஸ்டர் வண்டியில அப்பா ஒரு சக்கரம்தான் பார்த்தாரு. மாஸ்டர் இன்னைக்கு மலைக்குப் போறாரு. போன் எடுக்க மாட்டேங்கறாரு."

அம்மா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

பத்தரை மணிக்கு நீலக் கார் தானே வந்து நின்றது. கூரையில் பெட்டியும் படுக்கையும் கட்டியிருந்தது. பழக்க தோஷம், மாஸ்டர் அதை நேராக நாலாம் நம்பர் கட்டத்தில்தான் கொண்டுவந்து விட்டிருந்தார். மனைவியும் மகளும் பின்னால் வர, கையில் பூவோடு உள்ளே வந்தவர் அப்பாவின் காலடியில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ஓட்டும்போது போன் எடுக்கறதில்லம்மா, மன்னிச்சிடு. பார்த்துட்டுக் கிளம்பலாம்னு வந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் வண்டியை அவர் ஒரு விரலால தொடலம்மா. நின்ன இடத்துல நின்னே என்னைச் செய்ய வச்சாரு. ஊசி பிடிச்ச கையால பிரேக் மாத்திட்டேன்."

சொல்லிவிட்டுக் கிளம்பத் திரும்பினார்.

"உட்காருங்க மாஸ்டர்" என்றாள் அம்மா. அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "நேத்து என்னென்ன செஞ்சீங்க? மொதல்லேர்ந்து சொல்லுங்க. அவர் கடைசியா பார்த்த வேலை. எனக்குக் கேக்கணும்."

மாஸ்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "மொதல்ல ஜாக்கி வச்சோம்..." என்று தொடங்கினார். அம்மா மகள் பக்கம் திரும்பவே இல்லை. மகள் எழுந்து வெளியே போனாள்.

டார்க் ரெஞ்ச் சுவரில் அதன் இடத்தில் தொங்கியது. அந்த அமளியிலும் மாஸ்டர் அதை எடுத்து மாட்டியிருக்கிறார். முன்னால் இடது சக்கரத்தில் மஞ்சள் பொட்டு இருந்தது, கொஞ்சம் இழுபட்டு. வலது சக்கரத்துக்குப் போனாள். டிக், டிக், டிக், டிக். பின்னால் வலது சக்கரமும் அப்படியே. பின்னால் இடது சக்கரத்தில் ரெஞ்சை மாட்டி அழுத்தினாள். சத்தமே வரவில்லை. நட்டு கூடவே சுற்றியது. அடுத்ததும் சுற்றியது. நாலுமே அப்படித்தான். ஜாக்கியில் இருக்கும்போது கையால் முடுக்கிவிட்டு, இறக்கியபின் முழுதாக முடுக்க மறந்துபோன சக்கரம். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் மறப்பதுதான்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. இன்னும் ஒரு ஐந்து நிமிஷம் இருந்திருக்கக் கூடாதா இந்த மனுஷன் என்று கோபமும் வந்தது. ஜன்னல் வழியாக அம்மாவின் குரல் கேட்டது. "அப்புறம்?"

எழுந்து, எதிரும் புதிருமாக நாலு நட்டையும் முடுக்கினாள். நாலாவது 'டிக்' கேட்டதும் பெயிண்ட் டப்பாவைத் திறந்து கட்டைவிரலை வைத்தாள். மூன்று பொட்டு.

மாஸ்டர் வெளியே வந்தபோது அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நேத்துலேர்ந்து இதே பாட்டுதான். எங்கப்பாவே எல்லாம் செஞ்சாராம், பார்க்கிறவங்க கிட்டல்லாம் சொல்றாரு" என்றாள் மாஸ்டரின் மகள், கண்ணைத் துடைத்தபடி.

"ஆமா, எல்லாம் அவரே செஞ்சதுதான்" என்றாள் இவள். "பார்த்துப் போயிட்டு வாங்க மாஸ்டர்."

கார் தெரு முனையில் திரும்பும்வரை பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள். அம்மா நிமிர்ந்தாள்.

"எது?"

"பின்னால. இடது பக்கம்."

அம்மா கண்ணை மூடித் திறந்தாள்.

"கையெல்லாம் என்னடி இது?" அத்தை ஈரத்துணியோடு வந்தாள். "வண்டி வந்துடுச்சு, போய்க் கழுவிட்டு வா. தம்பி விரல்லயும் ஏதோ ஒட்டியிருக்கு பாரு, தொடச்சு விடறேன்." போர்வையை விலக்கி அப்பாவின் கையை எடுத்தாள்.

அம்மா அந்தக் கையை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"இருக்கட்டும் அண்ணி" என்றாள்.