இடப்பக்கம் திரும்பிய வீடு

தை மாதம் எட்டாம் தேதி, மரக்காணம் உப்பளக்காரர் தெய்வசிகாமணி தன் தகப்பனாரின் கறுப்புக் காரில் உட்கார்ந்து ஸ்டீரிங்கை இடப்பக்கம் ஒடித்தபோது சக்கரங்கள் அசையவில்லை; பக்கத்திலிருந்த வீடு திரும்பியது. மேற்கே ரோட்டைப் பார்த்திருந்த வாசல் தெற்கே உப்புப் பாத்திகளைப் பார்த்து நின்றது. அடுப்பிலிருந்த குழம்பு தளும்பவில்லை. தபால்காரர் அன்றே சுற்றிக்கொண்டு வந்து தபாலைக் கொடுத்தார்.

பத்தொன்பது வருடம் ஷெட்டில் கிடந்த காரைப் புதுப்பிக்கச் சொன்னது மகள் பிரியங்காவின் கல்யாணத்துக்காக. அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் மாலையோடு புறப்பட்டது அதில்தான். பிரியங்காவும் அதில்தான் பிரம்மதேசம் கோயிலுக்கு வருவாள் என்று சம்பந்தி வீட்டில் சொல்லியாகிவிட்டது. பொம்மையார்பாளையத்து மெக்கானிக் சகாயசெல்வி முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டினாள். கடகடவென்றது.

"ஸ்டீரிங்குல ஆட்டம் ஒரு சாண் இருக்குதுங்கய்யா. சக்கரத்தத் திருப்புற டை ராடு முனை ரெண்டையும் உப்பு அரிச்சிடுச்சி. இதுல பொண்ண ஏத்தாதீங்க."

"ஏம்மா, எங்க வண்டி இதுவரைக்கும் ஒருத்தரையும் கவுத்ததில்ல."

"வளைவுல லாரி வந்தா அப்பவும் வீடுதாங்க திரும்பும். பொண்ணு நேராப் போயிடும்."

வருடா வருடம் வாரிய முதல் கூடை உப்பை அந்த முன்சக்கரங்களின் மேல் கொட்டுவது வீட்டு மரியாதை. தகப்பனாருக்குப் பிறகு கொட்டச் சொல்லிவந்தவர் தெய்வசிகாமணிதான். இந்த வருடத்து முதல் கூடையைத் தலையில் சுமந்து மறுநாள் காலை உப்பு வாரும் கமலாம்பாள் வந்தாள், பின்னால் உப்பளத்து ஆட்கள் அத்தனை பேரும். அவர் முதுகு வளையாமல் நின்று சொன்னார்: "கொட்ட வேணாம். தப்பு எங்க வீட்டுதுதான்."

"அத சீக்கிரம் சொல்லக்கூடாதா? எனக்குக் கழுத்து ஒடியுது" என்றாள் கமலாம்பாள். வாழ்நாளில் கூடை தொடாத தெய்வசிகாமணி அதைத் தன் கையால் வாங்கி, உப்புக் குவியல்வரை சுமந்துபோய்க் கொட்டினார்.

சகாயசெல்வி புது டை ராடு மாட்டி, ஸ்டீரிங் பாக்ஸைப் பிரித்துப் பார்த்துப் பூட்டி, தானே ஓட்டிப் பார்த்தாள். சக்கரங்கள் திரும்பின, வீடு அசையவில்லை. கல்யாணத்தன்று பிரம்மதேசத்து வளைவில் உப்பு லாரி ஒன்று எதிரே வந்தது. கார் சொன்னபடி ஒதுங்கியது, பிரியங்கா மாலையைச் சரிசெய்துகொண்டாள்.

கழற்றிய பழைய ராடு இப்போது கூடத்தில் தொங்குகிறது. சித்திரையில் புழுக்கம் தாங்காதபோது தெய்வசிகாமணி அதைக் கொஞ்சம் திருப்பி வீட்டைக் கடற்காற்றுக்கு வைக்கிறார். அக்கம்பக்கத்தார் துணிக்கொடியை இரண்டடி தள்ளிக் கட்டிக்கொள்கிறார்கள்.